பில்லைப் படிக்கத் தெரிந்தவருக்கே கார்டு

ஒன்பது ஆண்டுகள் ஒரு வங்கியின் கிரெடிட் கார்டு பிரிவில் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலையில் இருந்தேன். பெரும்பாலும் இரவுப் பணி. வீட்டில் மற்றவர்கள் உறங்கிய பிறகு, ஒளித்துவைத்த பில்லை எடுத்துப் பிரித்துவிட்டு எங்களை அழைப்பவர்கள் உண்டு. அவர்கள் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள். "மாதாமாதம் தவறாமல் கட்டிக்கொண்டுதானே இருக்கிறேன், கடன் ஏன் குறையவில்லை?" குரல்கள் மாறும், கேள்வி மாறாது.

அந்த நாற்காலியில் உட்காருவதற்கு முன்பு நானும் அதே கேள்வியைக் கேட்டவள்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் கார்டு தேய்த்து ஒரு செல்போன் வாங்கினேன். பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஓர் எண் இருந்தது. மின்கட்டணம் போல, அதைக் கட்டிவிட்டால் அந்த மாதக் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துப் பதினான்கு மாதங்கள் கட்டினேன். போன் கீழே விழுந்து உடைந்து குப்பைக்குப் போன பிறகும் அதன் கடன் என்னோடுதான் இருந்தது.

சென்ற மாதம் தம்பி அழைத்தான். "அக்கா, பண்டிகை வருகிறது. ஒரு கார்டு வாங்கலாம் என்றிருக்கிறேன். எது நல்ல கார்டு?"

"உனக்குச் சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது?" என்று கேட்டேன்.

"நான் கேட்டது வேறு, நீ கேட்பது வேறு" என்று சிரித்தான். இல்லை, இரண்டும் ஒரே கேள்விதான். அதை அவனுக்குப் புரியவைக்க இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின. அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பில், பிறகு கார்டு

கார்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே பில்லைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பில் பல பக்கங்கள் வரும். அதில் பார்க்க வேண்டிய இடங்கள் நான்குதான். பில் போட்ட தேதி, பணம் கட்டக் கடைசித் தேதி, மொத்தத் தொகை, குறைந்தபட்சத் தொகை.

பில் தேதி ஒவ்வொரு மாதமும் 5 என்றும், கடைசித் தேதி 25 என்றும் வைத்துக்கொள்வோம். 6ஆம் தேதி நீங்கள் வாங்கும் பொருள் அடுத்த மாதம் 5ஆம் தேதி பில்லில்தான் வரும். அதற்குப் பணம் கட்ட அந்த மாதம் 25 வரை நேரம் உண்டு. ஏறக்குறைய 50 நாட்கள் வட்டியில்லாக் கடன். அதே பொருளை 4ஆம் தேதி வாங்கியிருந்தால் மறுநாளே பில்லில் ஏறிவிடும். 21 நாட்கள்தான் கிடைக்கும். இரண்டு நாள் முன்பின்னால் ஒரு மாதம் போய்விடுகிறது.

இதில் ஒரு சிறு கண்ணி உண்டு. நீங்கள் கார்டைத் தேய்த்த நாளும், அது வங்கிக் கணக்கில் பதிவாகும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கடைக்காரர் தன் இயந்திரத்தின் அன்றைய கணக்கை முடித்து அனுப்பிய பிறகுதான் பதிவு ஏறும். அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகலாம். ஆகவே பில் தேதியின் ஓரத்தில் நின்று விளையாடாதீர்கள். பெரிய பொருள் வாங்குவதென்றால் பில் வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது குறைந்தபட்சத் தொகைக்கு வருவோம். என் ஒன்பது ஆண்டுகளில் பாதியை விழுங்கிய விஷயம் இது. மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை மொத்தக் கடனில் 5 சதவீதம் என்று வையுங்கள். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். 50,000 கடன். புதிதாக எதுவுமே வாங்கவில்லை; மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் ஒழுங்காகக் கட்டுகிறீர்கள். 32 மாதங்களுக்குப் பிறகு ஏறக்குறைய 60,000 கட்டியிருப்பீர்கள். வாங்கியதைவிட அதிகம். அன்றைக்கும் ஏறக்குறைய 25,000 பாக்கி நிற்கும். காரணம் எளிது. நீங்கள் கட்டும் 5இல் 3 வட்டிக்கே போய்விடுகிறது. மிச்சம் இருக்கும் 2தான் அசலைத் தொடுகிறது. கடன் குறையக் குறைய கட்ட வேண்டிய தொகையும் குறைந்துகொண்டே போவதால், நிம்மதி வருவது போலத் தோன்றும். அந்த நிம்மதிதான் ஆபத்து. மாதம் 3 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 36 என்று பலரும் பெருக்கிவிடுகிறார்கள். வட்டிக்கு வட்டி ஏறுவதால் உண்மையில் அது 42ஐத் தாண்டும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அதைப் பலரும் கவனிப்பதில்லை. மொத்தத் தொகையைக் கட்டாமல் ஒரு பகுதியைப் பாக்கி வைத்தீர்களானால், அந்த 50 நாள் சலுகையே பறிபோய்விடும். அடுத்த மாதம் நீங்கள் வாங்கும் சின்னப் பொருளுக்குக்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பல வங்கிகளில், 20,000 பில்லில் 19,000 கட்டியவருக்கு, மிச்சமிருந்த 1,000க்கு மட்டும்தான் வட்டி என்று இல்லை. 20,000க்கும் வாங்கிய நாள் முதல் பணம் கட்டிய நாள் வரை வட்டி வரும். "ஆயிரம்தானே பாக்கி, ஏன் இவ்வளவு வட்டி?" என்று கோபமாகக் கேட்பவர்களுக்கு இதை விளக்கும்போது எனக்கே வெட்கமாக இருக்கும். விதிமுறைத் தாளில் எழுதியிருக்கிறது என்பது உண்மை. அதைப் படிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும் என்பதும் உண்மை.

இப்படிப் பாக்கி வைத்திருந்தவர் முழுத் தொகையையும் கட்டித் தீர்த்த பிறகும், அடுத்த பில்லில் ஒரு சிறு வட்டி எட்டிப் பார்க்கும். பில் போட்ட நாளுக்கும் நீங்கள் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அது. தவறு என்று எண்ணி விட்டுவிடாதீர்கள், கட்டிவிடுங்கள். அந்தச் சிறு தொகையைக் கட்டாமல் விட்டு, தாமதக் கட்டணமும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் கடன் மதிப்பெண்ணில் (கிரெடிட் ஸ்கோர்) கறையும் வாங்கிக்கொண்டவர்களை நான் அறிவேன்.

எந்தக் கார்டு?

தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரு காகிதத்தில் ஒரு கேள்வியை எழுதுங்கள்: ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையையும் என்னால் கட்ட முடியுமா? அடுத்தவருக்குக் காட்டப் போவதில்லை, உண்மையை எழுதலாம்.

முடியாது, சில மாதங்களில் இழுபறி வரும் என்றால், உங்களுக்கு ஏற்றது வட்டி விகிதம் மிகக் குறைந்த, ஆண்டுக் கட்டணம் இல்லாத, பளபளப்பு எதுவும் இல்லாத கார்டு. செலவுக்குத் தரும் பரிசுப் புள்ளி, செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் கேஷ்பேக், விமான நிலைய ஓய்வறை எதையும் பார்க்க வேண்டாம். மாதம் 3 கொடுத்து 1 வாங்குவதில் என்ன லாபம்? இன்னும் சொன்னால், இழுபறி அடிக்கடி வரும் என்றால் இந்த ஆண்டு கார்டே வேண்டாம்.

முடியும் என்றால் வட்டி விகிதத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். அது உங்களைத் தொடப்போவதில்லை. ஆண்டுக் கட்டணத்தையும், திரும்பக் கிடைப்பதையும் மட்டும் பாருங்கள். ஆண்டுக் கட்டணம் 1,000, கேஷ்பேக் 1 சதவீதம் என்றால், கட்டணத்தை மீட்கவே ஆண்டுக்கு 1,00,000 செலவழிக்க வேண்டும். அதற்கு மேல் செலவழிக்கும் ஒவ்வொரு 100க்கும் 1 கிடைக்கும். உங்கள் வழக்கமான செலவே அவ்வளவு வருமா என்று பாருங்கள். கட்டணத்தை மீட்பதற்காகச் செலவழிக்கத் தொடங்கினால் கதை தலைகீழாகிவிடும்.

புள்ளிகள் கணக்கு இன்னும் வழுக்கலானது. "ஐந்து மடங்கு புள்ளிகள்" என்று விளம்பரம் சொல்லும்; ஒரு மடங்கு எவ்வளவு என்று சொல்லாது. 100க்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளியின் மதிப்பு 0.25 என்றால், அது 0.25 சதவீதம். ஐந்து மடங்கு என்றால் 1.25 சதவீதம். அவ்வளவுதான். புள்ளியைப் பொருளாக மாற்றினால் ஒரு மதிப்பு, பயணச் சீட்டாக மாற்றினால் வேறு மதிப்பு, பில்லில் கழித்தால் இன்னொன்று. காலாவதித் தேதியும் உண்டு. எந்தெந்தச் செலவுக்குப் புள்ளி கிடையாது என்ற பட்டியலையும் தேடிப் படியுங்கள். நம் செலவில் பெரும்பகுதி அந்தப் பட்டியலில்தான் ஒளிந்திருக்கும்.

கார்டுகளை ஒப்பிடுவதற்கு முன்பு, உங்கள் கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கை எடுத்து, பணம் எங்கே போகிறது என்று பென்சிலால் குறியுங்கள். எரிபொருள் செலவு அதிகமுள்ளவருக்கு ஒரு கார்டு, இணையத்தில் வாங்குபவருக்கு வேறொன்று. தம்பியின் கணக்கைப் பார்த்தபோது அவன் விமானத்தில் போனது ஆண்டுக்கு ஒரு முறை. அவன் மனதில் வைத்திருந்ததோ பயணக் கார்டு. அதன் படம் அழகாக இருந்ததாம்.

சம்பளத் தேதியை நான் கேட்டதற்குக் காரணம் இதுதான். கார்டின் கடைசித் தேதி, சம்பளம் வந்த ஒரு வாரத்துக்குள் விழ வேண்டும். பல வங்கிகள் கேட்டால் பில் தேதியை மாற்றித் தருவார்கள். கேட்பவர்கள்தான் குறைவு. சம்பளம் 1ஆம் தேதியும் கடைசித் தேதி 28ஆம் தேதியுமாக இருந்தால், கட்ட வேண்டிய பணம் நான்கு வாரம் கைப்பக்கம் கிடந்து கரைந்துவிடும்.

எத்தனை கார்டுகள் வேண்டும்? தொடக்கத்தில் ஒன்று. ஓர் ஆண்டு பழகிய பிறகு, இணையத்தில் வாங்குவதற்கென்று குறைந்த கடன் வரம்போடு இரண்டாவது. திருடு போனாலும் சேதம் வரம்போடு நிற்கும். ஒரே மாதத்தில் நான்கு வங்கிகளுக்கு விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் கடன் வரலாற்றில் ஒரு விசாரணையாகப் பதிவாகும், அடுத்து பார்க்கும் வங்கி "இவருக்கு என்ன அவசரம்?" என்று யோசிக்கும்.

கேட்காமலேயே கார்டு தருகிறோம் என்று அழைப்பு வந்தால் பூரித்துவிட வேண்டாம். இது பழைய வித்தை. 1958இல் பாங்க் ஆஃப் அமெரிக்கா, கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் யாரும் விண்ணப்பிக்காமலேயே சுமார் 60,000 கார்டுகளை அஞ்சலில் அனுப்பிவைத்தது. இன்றைய விசா (Visa) கார்டு நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். கேட்காத கார்டை இப்படி அனுப்புவதை அமெரிக்கா 1970இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அஞ்சலுறை போய்விட்டது, குறுஞ்செய்தி வந்திருக்கிறது.

கார்டு கைக்கு வந்த அன்றைக்கே

தானியங்கிக் கட்டண ஏற்பாட்டைச் செய்துவிடுங்கள். அந்தப் படிவத்தில் 'முழுத் தொகை', 'குறைந்தபட்சத் தொகை' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அவசரத்தில் இரண்டாவதை அழுத்திவிட்டு, கட்டணம் தானாகப் போகிறது என்ற நம்பிக்கையில் ஓர் ஆண்டு பில்லையே திறக்காமல் இருந்த ஒரு பெரியவரின் அழைப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் திட்டவே இல்லை. "அம்மா, அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்திருக்கலாமே" என்றார். அவ்வளவுதான்.

வெளிநாட்டுப் பயன்பாடு தேவையில்லையென்றால் நிறுத்திவையுங்கள். ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கும் வரம்பைப் பூஜ்யமாக்குங்கள். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்தால் எடுத்த நிமிடமே கட்டணம், அன்றிலிருந்தே வட்டி, 50 நாள் சலுகை கிடையாது. ஒவ்வொரு செலவுக்கும் குறுஞ்செய்தி வரும்படி செய்யுங்கள், மிகச் சிறிய தொகைக்கும். திருடர்கள் முதலில் அற்பமான ஒரு தொகையைப் போட்டுக் கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தச் சின்னக் குறுஞ்செய்தியை அலட்சியம் செய்யாதவர்கள் பெரிய இழப்பிலிருந்து தப்பியிருக்கிறார்கள்.

வரம்பு எவ்வளவு இருந்தாலும் அதில் 30 சதவீதத்துக்குள் பயன்படுத்துவது கடன் மதிப்பெண்ணுக்கு நல்லது என்பது பொதுவான வழக்கு. ஒரு மாதம் அதற்கு மேல் போய்விட்டால், பில் தேதிக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடுங்கள். வங்கிகள் பெரும்பாலும் பில் தேதியில் இருக்கும் பாக்கியைத்தான் மதிப்பெண் நிறுவனங்களுக்குச் சொல்கின்றன.

பண்டிகைக் கூட்டத்தில்

எங்கள் அலுவலகத்தில் பண்டிகைக் காலத்தில் தொலைபேசி அமைதியாக இருக்கும். மக்கள் கடைகளில் இருப்பார்கள். ஆறு வாரம் கழித்துத்தான் மணிகள் ஒலிக்கத் தொடங்கும், ஓயாது. பில் வந்து சேரும் நேரம் அது. அப்போது விடுப்புக் கேட்டால் மேலாளர் சிரிப்பார்.

கார்டு கையில் இருந்தால் நாம் தாராளமாகிவிடுகிறோம் என்பது வெறும் அனுபவப் பேச்சு இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைக் கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டுக்கு ஏலம் கேட்க வைத்தார்கள். ரொக்கமாகக் கொடுக்க வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, கார்டில் கொடுக்கலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய இரு மடங்கு கேட்டார்கள். டிக்கெட் ஒன்றுதான். வணிக மேலாண்மை படிக்கும் மாணவர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே, கடைக்குப் போவதற்கு முன்பே பட்டியல். யாருக்கு என்ன, எவ்வளவுக்குள் என்று பெயர் வாரியாக எழுதுங்கள். பிறகு ஒரு வேலை: பட்டியலின் மொத்தத்தைச் சேமிப்புக் கணக்கில் தனியே ஒதுக்கிவையுங்கள். கார்டில் 3,200க்கு வாங்கினால், அன்று இரவே ஒதுக்கிய தொகையில் 3,200ஐக் கழித்து எழுதுங்கள். ஒதுக்கிய பணம் தீர்ந்தால் வாங்குவதும் தீர்ந்தது. கார்டின் வரம்பு உங்கள் வரவு இல்லை. வங்கி உங்கள் மேல் வைத்திருக்கும் பந்தயம். வரப்போகும் போனஸைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். கைக்கு வந்த பிறகு சேர்க்கலாம்.

தள்ளுபடிக்கு வருகிறேன். "குறிப்பிட்ட கார்டுக்கு 10 சதவீதம் தள்ளுபடி" என்ற வரிக்குக் கீழே "அதிகபட்சம் 1,500" என்று பொடியெழுத்தில் இருக்கும். 40,000 பொருளுக்கு அது 10 சதவீதம் ஆகாது, 3.75 சதவீதம். அந்தப் பில்லை முழுதாகக் கட்டாமல் விட்டால், மாதம் 3 சதவீத வட்டியில் முதல் மாதம் 1,150க்கு மேல், இரண்டாவது மாதமும் ஏறக்குறைய அவ்வளவே. தள்ளுபடி கரைந்து, கைக்காசும் போகத் தொடங்கிவிடும். அதே பொருள் பக்கத்துக் கடையில் கார்டே இல்லாமல் என்ன விலை என்று கேட்பதும் நல்லது. தள்ளுபடி கொடுப்பதற்காகவே விலையை ஏற்றிவைப்பது வியாபாரத்தில் புதிய தந்திரம் இல்லை.

அடுத்தது 'வட்டியில்லாத் தவணை'. இதில் எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு. அந்தத் திட்டங்களைத் தொலைபேசியில் விற்கச் சொல்லி எங்களுக்கும் இலக்கு வைத்திருந்தார்கள். வட்டி இல்லை என்பார்கள். செயலாக்கக் கட்டணம் உண்டு என்பதை வேகமாகச் சொல்லிவிடுவார்கள். 12,000 பொருள், கட்டணம் 2 சதவீதம், அதாவது 240. பன்னிரண்டு தவணையில் கட்டினால், கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக உங்களிடம் இருக்கும் கடன் 6,500தான். அந்த 240 என்பது ஆண்டுக்கு 3.7 சதவீத வட்டிக்குச் சமம். பரவாயில்லை, மலிவு. அதே கட்டணத்தில் மூன்று தவணை எடுத்தால்? சராசரிக் கடன் 8,000, காலம் மூன்றே மாதம். ஆண்டு வட்டியாகப் பார்த்தால் 12 சதவீதம். தவணை குறைந்தால் கட்டணம் உறைக்கும். மூன்று மாதத்தில் கட்டிவிட முடிகிறவர் இரண்டு மாதம் சேமித்துவிட்டு முழுப்பணம் கொடுத்து வாங்குவதே மேல். ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கும் தள்ளுபடியைத் தவணைக்காரர் இழக்கிறாரா என்றும் கேளுங்கள். வட்டி பெரும்பாலும் அங்கேதான் மறைந்திருக்கிறது.

சில கடை அட்டைகளின் 'வட்டியில்லாக் காலம்' வேறு வகை. குறித்த காலத்துக்குள் கடைசிக் காசு வரை கட்டாவிட்டால், முதல் நாளிலிருந்து கணக்கிட்ட வட்டி மொத்தமும் ஒரே நாளில் தலையில் இறங்கும். பணம் செலுத்துமிடத்தில் வரிசையில் நிற்கும்போது "இந்த அட்டைக்குச் சேர்ந்தால் இன்றே தள்ளுபடி" என்று நீட்டினால், வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள். வரிசையில் நின்றபடி எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடக் கூடாது.

பொருளைத் திருப்பிக் கொடுக்கும் விஷயத்தில் ஒன்று. கடைக்காரர் பணத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார், ஆகவே அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பில் போட்ட பிறகு வந்த திருப்புத்தொகையைப் பல வங்கிகள் நீங்கள் கட்டிய பணமாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்த பில்லில்தான் கழிப்பார்கள். இந்தப் பில்லில் உள்ளதை முழுதாகக் கட்டிவிடுங்கள். அதிகமாகக் கட்டியது எங்கும் போய்விடாது. ரசீதையும், கடைக்காரர் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்ட மின்னஞ்சலையும் அடுத்த இரண்டு பில்கள் வரும்வரை வைத்திருங்கள்.

பொருள் வரவேயில்லை, அல்லது கேட்டது ஒன்று வந்தது ஒன்று என்றால், கிரெடிட் கார்டில் ஒரு பெரிய வசதி உண்டு. முதலில் விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால், செலவை மறுத்து வங்கியில் புகார் கொடுங்கள். வங்கி அந்தப் பணத்தை விற்றவரின் வங்கியிடமிருந்து திரும்பக் கேட்கும். ரொக்கம் கொடுத்தவருக்கு இந்த வழி கிடையாது. காலக்கெடு உண்டு, ஆகவே "வரும், வரும்" என்று விற்றவர் நாளைக் கடத்துவதற்கு இடம் கொடுக்காதீர்கள். அழைத்துப் பேசும்போது கோபத்தைவிட ஆவணம் உதவும். தேதி வரிசையில் நான்கு படங்களை அனுப்பியவரின் புகாரை நாங்கள் ஒரே மூச்சில் எழுதி முடித்தோம். அரைமணி நேரம் திட்டியவரிடம் கடைசியில் ஆர்டர் எண்ணைக் கேட்டபோது அது அவரிடம் இல்லை.

ஏமாற்றுக்காரர்களுக்கும் பண்டிகை உண்டு. "உங்கள் பார்சல் நிற்கிறது, சிறு கட்டணம் செலுத்துங்கள்" என்று ஒரு சுட்டி வரும். எல்லாரும் ஏதோ ஒரு பார்சலுக்குக் காத்திருக்கும் காலம் என்பதால் அந்தத் தூண்டிலில் மீன் விழுகிறது. தொலைபேசியில் அழைப்பவர் இன்னும் கெட்டிக்காரர். உங்கள் கார்டின் முதல் ஆறு இலக்கங்களை அவரே சொல்லுவார். "என் எண் இவருக்குத் தெரிந்திருக்கிறதே, வங்கிக்காரர்தான்" என்று நீங்கள் நம்பிவிடுவீர்கள். அந்த முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள் வங்கியையும் கார்டு வகையையும் குறிப்பவை. ஒரே வகைக் கார்டு வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கும் அவை ஒன்றுதான். நான் அந்த நாற்காலியில் இருந்த ஒன்பது ஆண்டில் ஒரு முறைகூட யாரிடமும் ஓ.டி.பி. கேட்டதில்லை, எங்களுக்கு அது தேவைப்படவே இல்லை. கேட்பவர் வங்கிக்காரர் இல்லை. போனை வைத்துவிட்டு, கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்ட எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

விடுமுறைப் பயணத்தில் இரண்டு

வெளிநாட்டுக் கடையில் இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா, உள்ளூர்ப் பணத்திலா?" என்று கேட்கும். நம் பணத்தில் பார்த்தால் மனதுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். நம் பணத்தை அழுத்தினால் மாற்று விகிதத்தைக் கடைக்காரர் தரப்பினரே நிர்ணயிப்பார்கள், தங்களுக்கு ஒரு பங்கு வைத்துக்கொண்டு.

ஓட்டலிலும் வாடகைக் காரிலும் முன்கூட்டியே ஒரு தொகையை நிறுத்திவைப்பார்கள். அது செலவு இல்லை என்றாலும், விடுவிக்கப்படும் வரை உங்கள் வரம்பில் அந்த இடம் அடைபட்டிருக்கும். பயணத்தின் நடுவில் கார்டு மறுக்கப்பட்டதாக அழைத்தவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்களுக்கு

கார்டை வீட்டில் வைத்துவிட்டு ரொக்கத்துக்கோ டெபிட் கார்டுக்கோ மாறுங்கள். ஓட்டை அடைபடாமல் தண்ணீர் இறைத்துப் பயனில்லை. பல கார்டுகளில் கடன் இருந்தால், எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டி, வட்டி அதிகமுள்ள ஒன்றின் மேல் மட்டும் கையில் மிஞ்சியதையெல்லாம் கொட்டுங்கள். வட்டி குறைந்த தனிநபர் கடன் வாங்கிக் கார்டு பாக்கியை மொத்தமாக அடைப்பதும் ஒரு வழி. ஆனால் அடைத்த கார்டை மறுபடி நிரப்பினால் இரண்டு கடன் ஆகிவிடும். அப்படிச் செய்தவர்களே அதிகம். பாக்கியை வேறு கார்டுக்கு மாற்றும் சலுகையை எடுத்தால், மாற்றும் கட்டணத்தையும் சலுகை முடியும் தேதியையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்காதீர்கள்.

இந்த மாதம் கட்டவே முடியாது என்று தெரிந்தால், கடைசித் தேதிக்கு முன்பு வங்கியை அழையுங்கள். முன்கூட்டிச் சொல்பவருக்குக் கொடுக்க எங்கள் திரையில் சில பொத்தான்கள் இருந்தன: தாமதக் கட்டண விலக்கு, பாக்கியைத் தவணையாக்குதல். மூன்று மாதம் போனை எடுக்காமல் இருந்தவரின் கணக்கு வேறு துறைக்குப் போய்விடும். அங்கே அந்தப் பொத்தான்கள் இல்லை.

தம்பி கடைசியில் ஆண்டுக் கட்டணம் இல்லாத, படம் எதுவும் இல்லாத ஒரு கார்டை வாங்கினான். கடைசித் தேதியைச் சம்பளத்துக்கு ஐந்து நாள் கழித்து வரும்படி மாற்றிக்கொண்டான். நேற்று முதல் பில் வந்திருக்கிறது. இரவு பத்து மணிக்கு அழைத்தான்.

"அக்கா, பில்லைப் பிரித்துவிட்டேன். பென்சிலும் எடுத்துவைத்திருக்கிறேன்."

"வரி வரியாகப் படி" என்றேன்.

படித்தான். பதினேழு வரிகள். பதினொன்றாவது வரியும் பன்னிரண்டாவது வரியும் ஒரே கடை, ஒரே தேதி, ஒரே தொகை. காலணிக் கடையில் இயந்திரம் முதல்முறை வேலை செய்யவில்லை என்று இரண்டாம் முறை தேய்த்தார்களாம். "கார்டின் பின்பக்கத்து எண்ணைப் பார்" என்றேன். இந்நேரத்தில் யார் எடுப்பார்கள் என்று கேட்டான்.

"எடுப்பார்கள்" என்றேன்.